ஊடகச் சட்டமும் தொழில்நுட்ப ஆளுகையும்: ஆய்வாளராக விரும்பும் சேலத்துக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இது வக்கீல் வேலையா, வாத்தியார் வேலையா? வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

இரண்டிலும் கொஞ்சம் உண்டு. பத்திரிகை, தொலைக்காட்சி, சினிமா, இணையம் ஆகியவற்றில் யார் எதைச் சொல்லலாம், சொன்னதை யார் நீக்கலாம், நீக்கியவரிடம் யார் கணக்குக் கேட்கலாம் என்று பார்ப்பது ஊடகச் சட்டம். அந்தப் பேச்சைச் சுமந்து செல்லும் செயலி, தேடுபொறி, தொலைத்தொடர்பு நிறுவனம், அடையாள எண், செயற்கை நுண்ணறிவு போன்றவற்றை எந்த விதியால், எந்த அமைப்பு கட்டுப்படுத்த வேண்டும் என்று பார்ப்பது தொழில்நுட்ப ஆளுகை. முன்பு இவை தனித்தனித் துறைகள். இன்று யூடியூப் சேனல் நடத்தும் ஒருவருக்கு வருகிற ஒரே நோட்டீஸில் அவதூறுக்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ம் இருக்கும், பிறர் போடும் பதிவுக்குத் தளத்தின் பொறுப்பு என்ன என்று சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79-ம் இருக்கும். ஒன்றைப் படித்து மற்றதை விட்டால் பாதி நோட்டீஸ் புரியாது.

வீட்டில் "சட்டக் கல்லூரிப் பேராசிரியர் வேலைக்குப் போகிற படிப்பு" என்று சொல்லிவிடுங்கள். பொய்யில்லை, பெரும்பாலானவர்கள் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். கொள்கை ஆய்வு நிறுவனம், ஒழுங்குமுறை ஆணையம், பெரிய நிறுவனங்களின் தரவுப் பாதுகாப்புப் பிரிவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்ற மற்ற வழிகளைப் பிறகு விளக்கிக்கொள்ளலாம்.

பிளஸ் டூ முடித்தவுடன் எந்தப் பாதை?

இரண்டு கதவுகள் உண்டு. முதலாவது, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்பு. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, பிறகு கவுன்சலிங். சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரியும் இருக்கிறது, தனியார் கல்லூரியும் இருக்கிறது. இரண்டாவது, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள். அதற்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும்: 120 கேள்விகள், 2 மணி நேரம், தவறான விடைக்கு கால் மதிப்பெண் போய்விடும், முழுக்க ஆங்கிலம். நமக்குப் பக்கம் திருச்சியும் பெங்களூரும்.

பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கிறது. இங்கே ஆண்டுதோறும் பலர் இடறி விழும் ஒரு குழி உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்திய பார் கவுன்சில் விதிப்படி எல்.எல்.பி. சேர்க்கை இல்லை. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை வேண்டும். அஞ்சல்வழி எல்.எல்.பி. என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒன்று செல்லாது.

எந்தக் கதவு நல்லது என்பது அடுத்த கேள்வி. தேசிய சட்டப் பல்கலையில் நூலகமும் ஆய்வு மையங்களும் உண்டு, கட்டணம் பல மடங்கு அதிகம். அரசு கல்லூரியில் கட்டணம் குறைவு, காலையில் வகுப்பு முடித்து மாலையில் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சிக்கு நிற்கலாம். இந்தத் துறையில் பின்னால் பேர் எடுப்பவர்களைப் பிரிப்பது கல்லூரியின் பெயரைவிட மூல ஆவணத்தைத் தேடிப் படிக்கும் பழக்கம்தான் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வில் கல்லூரியின் பெயர் பேசும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் படிக்காமல் இதழியலோ கணினியோ படித்தவர் வரலாமா?

தாராளமாக. பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, தகவல்தொடர்புத் துறையிலேயே ஊடகக் கொள்கை குறித்து பிஎச்.டி. செய்யலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் மக்கள் தகவல்தொடர்பு தனிப் பாடம். ஆனால் சட்டக் கல்லூரியில் சட்டம் கற்பிக்க எல்.எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் பட்டம் கட்டாயம். அந்த ஆசை இருந்தால் மூன்றாண்டு எல்.எல்.பி.யைத் தள்ளிப்போடாதீர்கள். கணினி படித்தவர்களுக்கு இந்தத் துறையில் இருக்கும் மதிப்பு அவர்களுக்கே தெரிவதில்லை. ஏன் என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

தொழில்நுட்பம் எவ்வளவு தெரிய வேண்டும்? கோடிங் கற்க வேண்டுமா?

நிரல் எழுதத் தெரிந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஆனால் ஒரு கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரியாமல் சட்டம் பேசினால் எழுதுவதெல்லாம் காற்றில் நிற்கும். இரண்டு உதாரணங்கள் போதும்.

ஒன்று, இணையத் தடை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 69ஏ-யின் கீழ் "இந்த ஒரு பக்கத்தை முடக்கு" என்று உத்தரவு வருகிறது. தளம் எச்.டி.டி.பி.எஸ். முறையில் இயங்கினால், இடையில் இருக்கும் இணைய நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் தெரியும், அதற்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது, அது குறியாக்கத்துக்குள் மூடியிருக்கும். ஆக, இணைய நிறுவனத்தைக் கொண்டு அந்த உத்தரவை நிறைவேற்ற முழுத் தளத்தையும் முடக்கினால்தான் உண்டு. 2014 டிசம்பரில் இந்தியாவில் 32 தளங்கள் முடக்கப்பட்டபோது கிட்ஹப், விமியோ போன்றவையும் அடிபட்டன. எங்கோ சில பதிவுகளுக்காக நிரலாளர்களின் அன்றாட வேலைக்களமே மூடிக்கொண்டது. இங்கே "தேவைக்கு மீறிய கட்டுப்பாடு" என்ற அரசியல் சாசன வாதத்துக்கு அடித்தளமே இந்தத் தொழில்நுட்ப விவரம்தான்.

இரண்டு, மின்னணுச் சாட்சியம். பாரதிய சாட்சிய அதிநியமம் பிரிவு 63(4) கேட்கும் சான்றிதழில் அ, ஆ என இரண்டு பகுதிகள். கோப்பை முன்வைப்பவர் ஒன்றை நிரப்ப வேண்டும், நிபுணர் மற்றதை. கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற அடையாளத்தையும், குறிப்பிட வேண்டும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம், கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முழுச் சரமும் மாறும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. எனவே போனில் எடுத்த மூலப் படத்தின் ஹேஷும் நண்பருக்குப் போய்ச் சேர்ந்த படத்தின் ஹேஷும் ஒத்துப்போகாது. "இரண்டும் ஒரே படம்தானே" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது நீதிமன்றத்தில் எடுபடாது. ஒரு மடிக்கணினியில் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளுக்கு ஹேஷ் எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை, ஒரு பருவப் பாடத்தை விட அதிகம் புரியும்.

முதலில் எந்தத் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும்?

நீண்ட பட்டியல் தர மாட்டோம். பட்டியல் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை, சேமித்து வைப்பதோடு சரி. இந்த ஐந்தோடு தொடங்குங்கள்: ரோமேஷ் தாப்பர் (1950), ஆர். ராஜகோபால் (1994), ஷ்ரேயா சிங்கால் (2015), புட்டசாமி (2017), அனுராதா பாசின் (2020). முதலாவது பத்திரிகைத் தடை, அடுத்தது அந்தரங்கமும் வெளியீடும், மூன்றாவது இணையத்தில் புண்படுத்தும் பதிவைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66ஏ ரத்து, நான்காவது ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஏற்றது, ஐந்தாவது இணைய முடக்கம்.

இவற்றில் முதல் இரண்டுக்கும் சேலத்தோடு தொடர்பு உண்டு. சேலத்து மாணவர்களில் பெரும்பாலானோருக்கு இது தெரியாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அரசியல் சாசனம் அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்கு 18 நாள் கழித்து, மார்ச் 1 அன்று, பம்பாயில் அச்சாகிக்கொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக்கூடாது, விற்கக்கூடாது என்று மாகாண அரசு உத்தரவிட்டது. இதழின் ஆசிரியர் ரோமேஷ் தாப்பர் அரசியல் சாசனத்தின் 32-ம் பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. "பொது ஒழுங்கு" என்ற காரணம், பேச்சுரிமைக்கு எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு போடலாம் என்று சொல்லும் அன்றைய 19(2)-ல் இல்லை, "அரசின் பாதுகாப்பு" என்பதற்குள் அதை இழுத்து அடைக்க முடியாது என்பதே பெரும்பான்மையின் வாதம். அதற்குப் பதிலாகத்தான் 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்து "பொது ஒழுங்கு" 19(2)-க்குள் நுழைந்தது. இன்று ஒரு ஃபேஸ்புக் பதிவை நீக்கச் சொல்லும் உத்தரவில் அந்தச் சொல்லைப் பார்த்தால், அது வந்த வழி இதுதான்.

தீர்ப்பைத் திறந்து பாருங்கள், சேலம் என்ற பெயரே அதில் இருக்காது. தடை உத்தரவின் எண், தேதி, 1949-ம் ஆண்டு சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 9(1-ஏ), இவ்வளவுதான். துப்பாக்கிச் சூட்டுக்கும் தடைக்கும் உள்ள உறவு நீதிமன்றத் தாளில் இல்லாததால், அதைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் அரசாணை எண்ணைக் கொடுத்துக் கோப்பு கேட்க வேண்டும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தக் காலத் தமிழ் இதழ்களைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டும். தீர்ப்புக்கு வெளியே என்ன நடந்தது என்று தேடும் இந்த வேலைக்குத்தான் ஆய்வு என்று பெயர். தீர்ப்பைச் சுருக்கி எழுதுவது குறிப்பெடுத்தல், அதோடு நின்றுவிட்டால் பிஎச்.டி. நகராது.

ராஜகோபால் வழக்கு 'நக்கீரன்' இதழுடையது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை இதழ் வெளியிடக்கூடாது என்று சிறைத்துறை மிரட்டியது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட எவர் அனுமதியும் வேண்டாம், வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை, வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம் என்று 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு. அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டது இதே சேலம் மத்திய சிறையில். இன்று ஒருவர் "என்னைப் பற்றிய பழைய வழக்குச் செய்தியைத் தேடுபொறியிலிருந்து எடுங்கள்" என்று கேட்கும் மறக்கப்படும் உரிமை வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது ராஜகோபால் தீர்ப்பைத்தான்.

தீர்ப்பு படிக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

நான்கு இடங்களில். முதலாவது, பல நீதிபதிகள் தனித்தனியாக எழுதிய தீர்ப்பில் ஒருவருடைய வரியை எடுத்து "நீதிமன்றம் சொன்னது" என்று எழுதுவது. புட்டசாமியில் ஆறு கருத்துரைகள் இருக்கின்றன. எந்தப் பத்தி, யாருடையது என்று குறிக்காமல் மேற்கோள் காட்டினால் விமர்சகர் முதல் பக்கத்திலேயே பேனாவை எடுப்பார்.

இரண்டாவது, செத்த சட்டத்தை மேற்கோள் காட்டுவது. பிரிவு 66ஏ 2015 மார்ச் 24-ல் ரத்தானது. அதற்குப் பிறகும் நாடெங்கும் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகி, 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. காவல் நிலையத்துக்கே அப்படி என்றால் மாணவர் கையேடுகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். பிறர் பதிவுகளைச் சுமக்கும் தளங்களான இடையீட்டு நிறுவனங்களுக்கான 2021 விதிகள் 2022, 2023, 2025 ஆண்டுகளில் திருத்தப்பட்டன. 2023-ல் சேர்த்த அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. எந்தத் தேதியில் இருந்த விதி என்று எழுதாத கட்டுரை ஒரு வருடத்தில் பழசாகிவிடும்.

மூன்றாவது, நிகழ்வு நடந்த தேதி. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம், அதற்குப் பின் பாரதிய நியாய சன்ஹிதா. கட்டுரை எழுதும் தேதியைப் பார்த்துப் பிரிவு எண்ணைப் போட்டால் தப்பு.

நான்காவது, தமிழ் மொழிபெயர்ப்பு. உச்ச நீதிமன்றத் தளத்தில் இப்போது தமிழாக்கங்கள் கிடைக்கின்றன, விளங்கிக்கொள்ள அருமை. ஆனால் ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்று அதிலேயே குறிப்பு இருக்கும். மேற்கோளுக்கு மூலத்துக்குப் போங்கள்.

நெட், ஜே.ஆர்.எஃப்., பிஎச்.டி. – இந்த வரிசை எப்படி?

எல்.எல்.எம். தேசிய சட்டப் பல்கலைகளில் பெரும்பாலும் ஓராண்டு, அம்பேத்கர் சட்டப் பல்கலையில் இரண்டாண்டு. பொதுப் பிரிவினர் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். பிறகு யு.ஜி.சி. நெட்: மூன்று மணி நேரம், முதல் தாள் 50 கேள்விகளுக்கு 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 100 கேள்விகளுக்கு 200. நெகட்டிவ் மார்க் இல்லை, ஒன்றையும் விடாமல் குறியுங்கள். சட்டத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும்.

2024 ஜூனிலிருந்து நெட் முடிவு மூன்று தட்டுகளாக வருகிறது: உதவித்தொகையோடு, உதவிப் பேராசிரியர் தகுதியோடு, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு தட்டில் வந்தவர்களுக்குச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று எடை. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று வைத்திருந்து கோட்டை விடுபவர்கள் நிறைய.

ஜே.ஆர்.எஃப். என்ற அந்த ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டாண்டு அனுமதி உண்டு. திருமணம், மகப்பேறு என்று பாதியில் நின்றவர்கள் இந்த விதியைக் காட்டி நீட்டிப்புக் கேட்கலாம், கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

கைடு தேர்வு பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தலைப்பில் கடந்த ஐந்து ஆண்டில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், இரண்டைப் படியுங்கள். எல்லா ஆய்வேடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் உங்களுடையதும் அப்படித்தான் வரும்.

சம்பளம்?

யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், அகவிலைப்படி தனி. அரசு சட்டக் கல்லூரிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது, அறிவிப்பு எப்போது வரும் என்பது அவர்கள் கையில். சுயநிதிக் கல்லூரிகளில் இந்த விகிதத்தை எதிர்பார்க்காதீர்கள், பேசி வாங்குவதுதான். பள்ளிக்குப் பிறகு ஐந்து ஆண்டு சட்டம், ஒன்றோ இரண்டோ எல்.எல்.எம்., நான்கைந்து பிஎச்.டி. என்று கூட்டினால் நிலையான வேலைக்கு வருவதற்குள் முப்பதை நெருங்கிவிடும். குடும்பத்தில் உடனடி வருமானம் தேவைப்பட்டால் இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வக்கீலாகவும் இருந்துகொண்டு கற்பிக்கலாமா?

நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாத பகுதிநேரக் கற்பித்தலுக்கு வழக்கறிஞர்களுக்கு அனுமதி உண்டு. முழுநேரச் சம்பளப் பணியில் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

ஆய்வுக் கேள்வி கிடைக்கவே மாட்டேன் என்கிறது. டெல்லியில் இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம்?

டெல்லியில் சட்டம் செய்கிறார்கள், அது வந்து இறங்குவது ஊரில். "சமூக ஊடகமும் கருத்துரிமையும்: ஒரு விமர்சனப் பார்வை" என்ற தலைப்பை முதலில் தூக்கிப் போடுங்கள். அந்தத் தலைப்பில் ஆயிரம் பேர் எழுதியாகிவிட்டது. ஒரு ஆவணம், ஒரு இடம், ஒரு விதி என்று சுருக்கினால் கேள்வி தானே வரும்.

சேலத்தின் பழைய சினிமா நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு சாலையில் அதன் வளைவு முகப்பு இன்னும் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வெளியான படம் என்றால் 2020 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அந்தப் படத்தின் பாடலை எழுதியவருக்கு உள்ள உரிமை அவர் இறந்து 60 ஆண்டு வரை. ஆக, படம் பொதுவெளிக்கு வந்துவிட்டாலும் பாட்டு வராமல் இருக்கலாம். யூடியூபில் முழுப் படத்தையும் ஏற்றினால் தானியங்கி உரிமைக்கோரல் எந்த அடிப்படையில், யாரிடமிருந்து வருகிறது? பட்டியலிட்டுப் பார்த்தால் ஒரு நல்ல கட்டுரை, சேலத்தை விட்டு நகராமல் செய்யலாம்.

இன்னொன்று மலையில் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலும் வேண்டும். ஏற்காடு மலைக் கிராமத்தில் வீட்டுக்கு ஒரு போன், அதையும் கையாளத் தெரிந்தவள் பள்ளிக்குப் போகும் மகள். அவள்தான் அப்பாவுக்குச் செயலியைப் போட்டுக்கொடுக்கிறாள். இங்கே யார் யாருக்கு ஒப்புதல் தருவது? ஒப்புதல் கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்தில், 2027-ல்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதற்கு முன்னும் பின்னும் அதே ஊர்களில் ஆராய்ந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு மறுபடி வராது.

சூதாட்டம் பக்கம் ஆர்வமிருந்தால் தமிழ்நாட்டின் 2022 இணையவழி விளையாட்டுச் சட்டம், அதை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பகுதியாக வெட்டியது, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை விளையாடத் தடை போட்ட 2025 விதிமுறைகளை அதே நீதிமன்றம் ஏற்றது, அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டம் வந்தது என்று கோவையாகக் கிடக்கிறது. மாநிலமும் ஒன்றியமும் ஒரே களத்தில் சட்டம் போட்டால் எது நிற்கும் என்பது அரசியல் சாசன மாணவருக்கு விருந்து.

ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) வாங்க முடியுமா?

முடியும், கேட்கும் விதத்தில் இருக்கிறது. "ஏன் இணையத்தை முடக்கினீர்கள்?" என்று கேட்டால் "விளக்கம் கேட்க இச்சட்டத்தில் இடமில்லை" என்று ஒரு வரியில் திரும்பும். "இன்ன தேதியிட்ட இணைய முடக்க உத்தரவின் நகல், அதை ஆய்வு செய்த மறுஆய்வுக் குழுவின் கூட்டக் குறிப்பு நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

யாரிடம் என்பதும் முக்கியம். மாநிலத்துக்குள் இணைய முடக்கத்துக்கு உத்தரவிட வேண்டியவர் உள்துறைச் செயலாளர், மாவட்ட ஆட்சியர் அல்ல. 2018 மே மாதம் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் நின்றபோதும் உத்தரவு உள்துறையிலிருந்துதான். எனவே சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் பிரிவு 6(3)-ன் கீழ் ஐந்து நாளில் மாற்றி அனுப்ப வேண்டும், நடைமுறையில் ஒரு மாதம் வீணாகும். நேரே தலைமைச் செயலகத்துக்கே அனுப்புங்கள். மாநில அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். ஒன்றிய அரசுக்கு அது செல்லாது, இணையதளத்திலோ அஞ்சல் ஆணையாகவோ கட்ட வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாவது.

இரண்டு சுவர்கள் உண்டு. 69ஏ தடை உத்தரவுகளுக்கு 2009 விதிகளின் 16-ம் விதி இரகசியம் காக்கச் சொல்கிறது, மறுப்பு பெரும்பாலும் அதைக் காட்டித்தான் வரும். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள், அதுவே தரவு. மற்றது புதியது: தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்திவிட்டது. தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலை. பொதுநலனைக் காட்டிக் கேட்கப் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது, மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு நலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

நேர்காணல் எடுத்தால் அந்தச் சட்டம் என்னையே பிடிக்குமா?

ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளிவிவரத் தேவைகளுக்குப் பிரிவு 17(2)(பி) விலக்குத் தருகிறது. அந்தத் தரவை வைத்து அந்த நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது, விதிகளில் சொன்ன தரநிலைகளைக் காக்க வேண்டும் என்பது நிபந்தனை. செய்தியாளருக்கு இப்படித் தனி விலக்கு இல்லை. ஒரே மலைக் கிராமத்தில் ஒரே கேள்வியைக் கேட்கும் ஆய்வாளரும் நிருபரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை அது என்றே நினைக்கிறோம்.

விலக்கு இருக்கிறது என்று கவனக்குறைவாக இருக்காதீர்கள். சிறிய ஊரில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "ஐம்பது வீடுள்ள ஊரின் ரேஷன் கடை விற்பனையாளர்" என்று எழுதினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். பதவி, வயது, ஊர் மூன்றில் ஒன்றையாவது மங்கலாக்குங்கள். ஒலிப்பதிவு ஒரு இடத்தில், பெயர்ப் பட்டியல் வேறு இடத்தில் இருக்கட்டும்.

கட்டுரையை எங்கே அனுப்புவது?

"48 மணி நேரத்தில் வெளியீடு, கட்டணம் 1,500 ரூபாய்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். யு.ஜி.சி. தான் ஏற்ற ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. "கேர் பட்டியல் இதழ்" என்று இன்னும் விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மாணவர்கள் நடத்தும் சட்டமும் தொழில்நுட்பமும் குறித்த இதழ் இந்தத் துறைக்கே உரியது. நல்ல இதழ்களில் ஆசிரியர் பெயர் மறைத்து மதிப்பீடு நடக்கும், பதில் வர மாதங்கள் ஆகும், அதுவரை அதே கட்டுரையை வேறிடத்துக்கு அனுப்பக்கூடாது என்ற விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

எழுத்துத் திருட்டுச் சோதனையில் 10 விழுக்காடு வரை ஒற்றுமைக்கு யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சட்ட மாணவர்களுக்கு இந்த எண் ஏறுவதற்கு முக்கியக் காரணம் பிரிவுகளின் வாசகத்தைப் பக்கம் பக்கமாக ஒட்டுவது. தேவையான ஐந்து சொற்களை மட்டும் மேற்கோளில் வைத்து மற்றதைச் சொந்த நடையில் விளக்குங்கள்.

பொதுமக்கள் கருத்து கேட்கும்போது அனுப்பினால் யாராவது படிப்பார்களா?

விதி எண் வாரியாக எழுதினால் படிக்க வாய்ப்பு உண்டு. "இந்தச் சட்டம் ஜனநாயகத்துக்கு எதிரானது" என்ற ஆறு பக்கக் கட்டுரையை எந்த அலுவலரும் கோப்பில் ஏற்ற மாட்டார். விதி எண், இப்போதைய வாசகம், அதில் என்ன சிக்கல், மாற்று வாசகம் என்று நான்கு கட்டமாக எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வந்த கருத்துகளை எல்லாம் தன் தளத்தில் வெளியிடும், மறுப்புரைக்கும் நேரம் தரும். புதியவர்கள் அங்கே தொடங்குவது நல்லது, உங்கள் பெயரில் ஒரு பொது ஆவணமும் ஆயிற்று. தரவுப் பாதுகாப்பு வரைவு விதிகளுக்கு 2025 தொடக்கத்தில் வந்த கருத்துகளை அமைச்சகம் வெளியிடவில்லை. அனுப்பியதன் நகலை நீங்களே பத்திரப்படுத்துங்கள்.

ஏற்காட்டில் இருந்து படிக்கிறேன். நூலகம் இல்லை, சிக்னலும் விட்டுவிட்டு வரும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசம். பெரும்பாலான தீர்ப்புகள் சில எம்.பி. அளவுதான், சிக்னல் உள்ள நேரத்தில் ஒரு வாரத்துக்கானதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கு தொடங்கினால் மாதம் நூறு கட்டுரை இலவசமாகப் படிக்கலாம், ஆனால் இணைப்பில் இருந்தபடிதான். எஸ்.எஸ்.ஆர்.என். தளத்தில் முன்வரைவுகளை இறக்கிக்கொள்ளலாம். மேற்கோள்களை சொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேருங்கள், அது இணைப்பில்லாமலும் இயங்கும். கடைசி மாதத்தில் முந்நூறு அடிக்குறிப்பைக் கையால் சரிசெய்து உடைந்துபோனவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

வெளிநாட்டில் படிக்க எங்கே, எப்படி?

ஆக்ஸ்ஃபோர்டின் இணைய ஆய்வு நிறுவனம், ஆம்ஸ்டர்டாமின் தகவல் சட்ட நிறுவனம், ஹார்வர்டின் பெர்க்மன் கிளைன் மையம் ஆகியவை இத்துறையின் பழைய முகவரிகள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்தவுடன் விண்ணப்பித்துப் பயனில்லை. மாணவராக இருக்கும்போதே ஆக்ஸ்ஃபோர்டின் பிரைஸ் ஊடகச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கல்லூரி சார்பில் அணி அனுப்பச் சொல்லுங்கள். தெற்காசியச் சுற்று தனியாக நடக்கும். வாதுரை எழுதும் அந்த நான்கு மாதத்தில் ஐரோப்பிய, அமெரிக்க, ஆப்பிரிக்கத் தீர்ப்புகளை ஒப்பிட்டு எழுதக் கைவரும், விண்ணப்பத்தோடு கேட்கும் எழுத்து மாதிரியும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.